டிராகன் வீட்டுச் சீட்டுக்கட்டு

மிலன் நகரத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு பாம்பு ஓர் ஆளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பயப்படாதீர்கள், கல்லில்தான்! கோட்டைச் சுவரில், பழைய மாளிகை வாசலில், ஏன்... தெருவில் போகும் ஆல்ஃபா ரோமியோ காரின் மூக்கில்கூட அதே பாம்பு. 1910-ல் இந்த ஊரில் பிறந்த கம்பெனி அது. ஊர்ச் சின்னத்தையே காரில் ஒட்டிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் இதை 'பிஷோனே' என்கிறார்கள். பெரிய பாம்பு என்று அர்த்தம். உடம்பு பாம்பு, தலை டிராகன். அதன் வாயில் பாதி மாட்டிய மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, மாசக் கடைசியில் நாம் நிற்கிற அதே போஸில் நிற்கிறான்.

ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் அங்கே இருந்தேன். கூட வந்த நண்பருக்கு ஒரு பழக்கம். செல்போனில் டாரோ சீட்டு எடுக்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார். பெங்களூர் கம்பெனி ஒன்று அவருக்கு வேலை கொடுத்துவிட்டு, பதிலுக்குத் திங்கட்கிழமை வரை கெடு வைத்திருந்தது. மனுஷன் பத்து நாளாகச் சீட்டைக் கேட்கிறார். ஒரு நாள் 'போ' என்கிறது. மறுநாள் 'இரு' என்கிறது. நம் ஊர் கிளி ஜோசியத்தில் கிளியாவது ஒரே சீட்டோடு கூண்டுக்குள் போய்விடும்!

சனிக்கிழமை ஸ்ஃபோர்ஸா கோட்டைக்குப் போனோம். பக்கத்துக் கடையில் ஒரு டாரோ கட்டு அவர் கண்ணில் பட்டது. 78 சீட்டிலும் உலகப் புராணங்களின் டிராகன்கள். மழை கொண்டுவரும் சீன டிராகன் ஒன்றில். தங்கக் குவியலைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஸ்காண்டிநேவிய ஃபாஃப்னிர் இன்னொன்றில்.

"டாரோவுல டிராகன்! புது ஐடியா சார்!" என்று உடனே வாங்கிவிட்டார்.

புதுசா? 1277-ல் மிலனைப் பிடித்த விஸ்கோன்டி வம்சத்தின் சின்னம்தான் அந்தப் பிஷோனே. டாரோ சீட்டு பிறந்ததும் 15-ம் நூற்றாண்டு வட இத்தாலியில்தான். மிச்சமிருக்கும் மிகப் பழைய கட்டுகளில் சில இந்த வீட்டுக்காக வரைந்தவை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு கட்டில் 67 சீட்டுகள் உண்டு. அதில் 'காதலர்' சீட்டைப் பாருங்கள். கைகோத்து நிற்கும் ஜோடிக்கு மேலே கூடாரம். அதன் விளிம்பில் நம்ம பிஷோனே!

சரி, ராஜா வீட்டில் சீட்டு வைத்து ஜோசியமா பார்த்தார்கள்? அதுதான் வேடிக்கை. விளையாடினார்கள், சார்! நாம் ரயிலில் துண்டை விரித்து ஆடுகிற மாதிரி ஆட்டம். இப்போது எல்லோரும் பயந்து பார்க்கிற சாவு, சூரியன், அதிர்ஷ்டச் சக்கரம் எல்லாம் அதில் வெறும் துருப்புச் சீட்டுகள். டாரோவுக்கு முதல் பெயரே 'ட்ரியோன்ஃபி'. நம்முடைய 'துருப்பு'கூட அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரன்தான்.

அப்படியானால் ஜோசியம் எப்போது வந்தது? 1781-ல், பாரிஸில். கூர் தெ ஜெபலின் என்ற பண்டிதர், இது பழைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வித்தை 1822-ல்தான் பிடிபட்டது என்பதை நினைவில் வையுங்கள்! நாலே வருஷத்தில், 1785-ல், எத்தெய்யா என்பவர் டாரோவில் குறி பார்ப்பது எப்படி என்று புத்தகமே போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெர்கமோவுக்கு ரயில் ஏறினோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே அக்கடேமியா கராரா ஓவியக் கூடத்தில், விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா கட்டின் 26 சீட்டுகள் இருக்கின்றன. 35 நியூயார்க் மார்கன் நூலகத்தில். 13 ஒரு பழைய குடும்பத்தின் கையில். பாகப்பிரிவினை ஆன சீட்டுக்கட்டு! தங்க ரேக் ஒட்டிய சீட்டு. உயரம் 17 சென்டிமீட்டருக்கு மேல். ஒரு கையில் விசிறி மாதிரி விரித்துப் பிடித்து ஆடியவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

பெர்கமோ பக்கத்தில் அல்மென்னோ என்ற ஊர்ச் சர்ச்சில் ஒரு ராட்சச விலா எலும்பு தொங்குகிறது. ஜெருந்தோ ஏரியில் இருந்த 'தரன்தாசியோ' டிராகனுடையது என்பது கதை. அதன் மூச்சுக் காற்று பட்டால் காய்ச்சலாம். விஸ்கோன்டி வம்சத்து ஆள் ஒருவர் அதைக் கொன்றுதான் பிஷோனே சின்னம் வந்தது என்றும் சொல்கிறார்கள். ஏரி என்றார்களே, அது பெரிய சதுப்பு நிலம். வாய்க்கால் வெட்டி வடிய விட்டதும் நிலம் விளைந்தது. டிராகன் கதையாகிப் போனது. கொன்றது ஈட்டி அல்ல, மண்வெட்டி.

இவ்வளவு சீட்டு கையில் வைத்திருந்த வீட்டுக்கு என்ன ஆச்சு? ஃபிலிப்போ மரியா விஸ்கோன்டி பிரபு ஒரு சீட்டுக்கட்டுக்கு 1,500 பொற்காசு கொடுத்தவர். ஜோசியரைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். இடி இடித்தால் நடுங்குவார். 1447-ல் ஆண் வாரிசு இல்லாமல் கண்ணை மூடினார். 1450-ல் கூலிப்படைத் தலைவரான மாப்பிள்ளை ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா பிரபுவானார். அவர் மகன் லுதோவிக்கோவும் ஜோசியப் பைத்தியம். 1499-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1508-ல் அவர் பிரான்ஸில் கைதியாகவே செத்தார்.

நியூயார்க்கில் இருக்கும் அதிர்ஷ்டச் சக்கரச் சீட்டில், சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கழுதைக் காது வரைந்திருக்கிறார்கள். தினம் அதைக் கையில் பிடித்து ஆடியும் யாருக்கும் உறைக்கவில்லை!

இன்னொன்று. அந்தக் கட்டில் நாலு சீட்டைக் காணோம். அதில் ஒன்று, இடி விழுந்து சரிகிற 'கோபுரம்'. மிலன் கோட்டை வாசல் கோபுரம் 1521-ல் உள்ளே இருந்த வெடிமருந்து வெடித்துத் தரைமட்டமானது. இப்போது நிற்பது 1905-ல் திரும்பக் கட்டியது. சொல்லவேண்டிய சீட்டே கட்டில் இல்லை, பாருங்கள்!

திரும்பும் ரயிலில் நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு செல்போனை எடுத்தார். சீட்டுக்கு இல்லை, கணக்குப் போட.

"பெங்களூர்ல நாற்பது பர்சன்ட் கூட. வாடகைல பாதி போயிடும். அம்மா கும்பகோணத்துல தனியா இருக்காங்க. அடுத்த மாசம் முழங்கால் ஆபரேஷன்..."

"அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"சீட்டைத்தான் கேட்டுட்டிருந்தேன்" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

அங்கிருந்தே அம்மாவுக்கு போன். அரை மணி நேரம். போனை வைத்ததும் பெங்களூருக்கு ஒரு மெயில்: 'ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்துச் சேரலாமா?' திங்கட்கிழமை மத்தியானம் 'சரி' என்று பதில் வந்தது.

அந்த டிராகன் கட்டு? அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் நாலு பேர் உட்கார்ந்து, பிரபு வீட்டு வழக்கப்படி அதில் துருப்பு ஆடினோம். நான் மூன்று ஆட்டமும் தோற்றேன். எதிர்காலம் தெரிந்த சீட்டாக இருந்தால், முதல் ஆட்டத்திலேயே எழுந்து போகச் சொல்லியிருக்காதா!