பெயர்ச்சீட்டு இல்லாத படம்

கோவையில் நடக்கும் குழு ஓவியக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அதன் இலக்கணம் தெரியும். இருபது, இருபத்தைந்து ஓவியர்கள் சேர்ந்து கூடத்தின் வாடகையைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆளுக்கு இரண்டு படம். பள்ளி ஓவிய ஆசிரியர்கள், வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், திருப்பூரில் பனியனுக்கு டிசைன் வரைபவர்கள், ஒரு காலத்தில் சினிமா பேனர் எழுதி, ஃபிளெக்ஸ் வந்தபின் தஞ்சாவூர்ப் படத்துக்குத் திரும்பியவர்கள் எனக் கலவையான கூட்டம். சுவரில் காங்கேயம் காளை கட்டாயம் இருக்கும். பேரூர்க் கோயில் தூண், முண்டாசுக் கிழவர், கண்மூடிய புத்தர் ஆகியோருக்கும் இடம் உண்டு. புதுமனை புகுவிழாவுக்குப் படம் தேடி வருபவர்கள் காளையையோ புத்தரையோ வாங்கிப்போவார்கள். அந்த விற்பனைதான் அடுத்த ஆண்டு வாடகை.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. இந்த ஊரில் கலை பெரும்பாலும் பஞ்சாலையின் நிழலில் வளர்ந்தது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் இயக்குநராக இருந்த கஸ்தூரி சீனிவாசனின் பெயரில் அவிநாசி சாலையில் இருக்கும் கலைக்கூடத்தில், ஓவியங்களும் நெசவு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அசல் ஓவியம் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்க்க நான் கற்றுக்கொண்டது அங்கேதான். இங்கே சொல்லப்போகும் சம்பவம் அங்கு நடந்ததல்ல. அது வேறொரு கூடம். பெயர் அவசியமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூடத்தில் ஒரு குழுக் கண்காட்சி. காளைக்கும் கோயில் தூணுக்கும் நடுவே நடுத்தர அளவில் ஒரு படம். கிராமத்துத் தேநீர்க் கடையின் மரப்பலகை. இடப்பக்கம் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுக் காலை வெளிச்சம். பலகையின் வெளி ஓரத்தில், கிட்டத்தட்டக் கீழே விழுந்துவிடும் நிலையில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய காகிதக் கோப்பைகள். படத்தில் மனிதர் எவரும் இல்லை. கீழே பெயர்ச்சீட்டில் 'எங்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

கொங்குக் கிராமங்களை அறிந்தவருக்கு அந்த இரண்டு சொற்கள் போதும். இரட்டைக் குவளை முறை இருந்த தேநீர்க் கடைகளை ஊர் ஊராகப் பட்டியலிட்டு அமைப்புகள் போராடியது பழங்கதையல்ல. அதன்பின் சில கடைகள் தனிக் குவளையை எடுத்துவிட்டுக் காகிதக் கோப்பைக்கு மாறின. சட்டத்தின் கண்ணுக்கு அது சுகாதாரம். குடிப்பவருக்கு அது என்னவென்று தெரியும். அந்த நுட்பத்தை இவ்வளவு சத்தமில்லாமல் வரைந்த ஒரு படத்தை நான் அதற்குமுன் பார்த்திருக்கவில்லை. வெள்ளைச் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் அதன்முன் வெகுநேரம் நின்றார். பிறகு யாரிடமும் பேசாமல் வெளியே போனார்.

மறுநாள் நான் போனபோது படம் அங்கேயே இருந்தது. பெயர்ச்சீட்டு மட்டும் இல்லை. பெயர் போனதும் படம் அழகிய அசைவற்ற பொருட்களின் ஓவியமாகிவிட்டிருந்தது. ஒரு பெண்மணி தன் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று விலை கேட்டுக்கொண்டிருந்தார். வரைந்த இளைஞரை அமைப்பாளர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனது என் காதில் விழும் தூரத்தில்தான்.

"படம் அப்படியே இருக்குதில்ல கண்ணு, பேரு எதுக்கு? அடுத்த வருசமும் நமக்கு இந்த ஹால் வேணுமில்ல?"

"பேருதானுங்க அய்யா படமே."

குரல் உயரவில்லை. அமைப்பாளர் கெட்டவரும் அல்ல. அந்த இளைஞரின் பங்கு வாடகையை அவர்தான் போட்டிருந்தார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் இளைஞர் தாமே படத்தைக் கழற்றிச் செய்தித்தாளில் சுற்றித் திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். மாலைக்குள் அந்த ஆணியில் கிளிகள் வந்துவிட்டன.

குழுக் கண்காட்சியில் கலகத்தை அடக்குவது பெரும்பாலும் வெளியாள் அல்ல. 1917இல் நியூயார்க்கில் சுதந்திரக் கலைஞர்கள் சங்கம் நடத்திய கண்காட்சிக்குத் தேர்வுக் குழுவே கிடையாது. கட்டணமாக ஆறு டாலர் கட்டினால் எதையும் வைக்கலாம் என்பது விதி. மார்செல் டூஷாம்ப் ஒரு சிறுநீர்க் கலத்தில் புனைபெயரில் கையொப்பமிட்டு 'நீரூற்று' என்ற பெயரில் அனுப்பினார். காவல்துறை வரவில்லை, பாதிரியார் வரவில்லை. சங்க நிர்வாகிகளே கூடிப் பேசி அதைக் காட்சிக்கு வைக்காமல் விட்டார்கள். நிர்வாகிகளில் ஒருவராக இருந்த டூஷாம்ப் பதவி விலகினார். அந்த அசல் கலம் பின்னர் தொலைந்தும்போனது. அங்கேயும் கலகத்தின் பாதி, பெயரில்தான் இருந்தது.

ஆனால் கோவை அமைப்பாளரின் அச்சத்தை நியூயார்க்கை வைத்து அளப்பது நியாயமாகாது. 1997 இறுதியின் கலவரத்தையும் 1998 பிப்ரவரி 14இன் தொடர் குண்டுவெடிப்பையும் கண்ட ஊர் இது. குண்டுவெடிப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2017 மார்ச்சில், கடவுள் மறுப்பைப் பேசியதற்காக பாரூக் உக்கடத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். 'பதற்றம்' என்ற சொல் இங்கே வெறும் செய்தித்தாள் சொல் அல்ல. அதனாலேயே அந்தச் சொல்லை உச்சரித்தால் எந்தக் கூடத்திலும் எந்தப் படத்தையும் இறக்கிவிடலாம் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கிறது.

கொங்கு நாட்டுக்கு இதில் ஒரு தனி வழிமுறையும் உண்டு: பேசி முடிப்பது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் அமைதியாக வாசிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டது. அடுத்த மாதம் கடையடைப்பு. யாரும் நூலைத் தடைசெய்யவில்லை. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சு' நடந்தது. எழுத்தாளர் கையெழுத்திட்டு வந்தார். பிறகு எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அறிவித்தார். தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போவதன் அரசாங்க வடிவம் அது.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. தீர்ப்பளித்த அமர்வின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், 2008 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தில் எம்.எஃப். ஹுசைனின் 'பாரத மாதா' ஓவியம் தொடர்பான வழக்குகளை ரத்துசெய்தவர். ஒரே நீதிபதி, ஓர் ஓவியம், ஒரு நாவல். தில்லித் தீர்ப்பு வந்த சில மாதங்களில், 2008 ஆகஸ்டில் நடந்த இந்தியக் கலை உச்சிமாநாட்டில் ஹுசைன் படங்களுக்கு இடமில்லை. பாதுகாப்புக் காரணம். நீதிமன்றம் குற்றமில்லை என்று சொல்லலாம். சுவரில் ஆணி அடித்துத் தர அதனால் முடியாது. ஹுசைன் கத்தார் குடிமகனாகி, 2011இல் லண்டனில் காலமானார்.

இந்த அச்சத்தை எல்லாத் தரப்பும் பயன்படுத்திக்கொள்கிறது. 2008 மார்ச்சில் சென்னை லலித் கலா அகாதெமியில் அவுரங்கசீப்பைப் பற்றிய கண்காட்சியை முஸ்லிம் பிரமுகர்களின் ஆட்சேபத்துக்குப் பின் காவல்துறை மூடியது. அதை நடத்தியவர்களின் அரசியல் எனக்குச் சற்றும் உவப்பானதல்ல. 2019 ஜனவரியில் சென்னை லயோலா கல்லூரியில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான 'வீதி விருது விழா'வில் ஓவியர் முகிலனின் படங்களுக்கு பா.ஜ.க.வினர் கண்டனம் தெரிவித்தார்கள். கல்லூரி மன்னிப்புக் கேட்டது, படங்கள் அகற்றப்பட்டன. செய்திகளில் கண்ட அளவில் அவை உரத்துப் பேசும் படங்கள். காகிதக் கோப்பையின் அமைதி அவற்றில் இல்லை. ஆனால் என் ரசனை ஒரு படத்தை இறக்குவதற்கான அளவுகோலாக முடியாது.

இந்தக் கதைகளில் எனக்குக் கிடைத்த விதிவிலக்கு பரோடா. 2007 மே மாதம் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில், தேர்வுக்காக மாணவர்கள் வைத்த படைப்புகளிடையே சந்திரமோகனின் படங்கள் மதத்தைப் புண்படுத்துவதாகச் சிலர் உள்ளே நுழைந்து தகராறு செய்தார்கள். காவல்துறை மாணவரைக் கைதுசெய்தது. சக மாணவர்கள் செய்த காரியம் சுவாரஸ்யமானது. இந்தியச் சிற்ப மரபிலுள்ள காம உருவங்களின் நிழற்படங்களைக் கொண்டே ஒரு கண்காட்சி வைத்தார்கள். நிர்வாகம் அதை மூடச் சொன்னது. புலத் தலைவர் பொறுப்பிலிருந்த கலை வரலாற்றாசிரியர் சிவாஜி பணிக்கர் மறுத்தார். இடைநீக்கம் செய்யப்பட்டார், கண்காட்சி இழுத்துப் பூட்டப்பட்டது. இறக்கச் சொல்லும் இடத்தில் நின்றுகொண்டு இறக்க மாட்டேன் என்று சொன்ன ஒரு மனிதராவது அங்கே இருந்தார்.

சந்திரமோகனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பார்த்தார். 2018 பிப்ரவரியில், பட்டம் கேட்டுத் துணைவேந்தரைப் பார்க்க வந்தவர் அலுவலகத்துக்குத் தீ வைத்ததாக மீண்டும் கைதுசெய்யப்பட்டார்.