கரன்ட் வருது, ஸ்பார்க் இல்லை

அம்பாசடர் மார்க் 3. பெட்ரோல், 1489 சிசி. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்கவில்லை.

பிளக்கைக் கழற்றினால் ஈரம். பெட்ரோல் வாடை. கார்பரேட்டரைத் தொட வேண்டாம்.

காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டர் கேப்பின் நடுவுக்குப் போகும் தடி ஒயர். கேப் பக்க முனையை உருவி, எஞ்சின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, செல்ஃப் அடிக்க வேண்டும். பிடிக்க, ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயர். சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துவிட வேண்டும்.

நல்ல ஸ்பார்க் நீலம். டிக் டிக்கென்று காதில் விழும். மஞ்சளாக, சத்தமில்லாமல் வந்தால் கண்டென்சர் மேல் சந்தேகம்.

இங்கே நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை.

அப்படியானால் கேப், ரோட்டார், நாலு பிளக், நாலு பிளக் ஒயர் எதையும் இப்போதைக்குப் பார்க்க வேண்டியதில்லை. அவை எல்லாம் இதற்கு அப்புறம்.

காயிலுக்கு உள்ளே போவது 12 வோல்ட். வெளியே வர வேண்டியது பத்தாயிரத்துக்கும் மேல்.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயின்ட் சேரும்போது ஸ்பார்க் வராது. பிரியும்போதுதான் வரும். சேர்ந்திருக்கும் நேரத்தில் காயிலுக்குள் காந்தம் ஏறுகிறது. பிரிந்த கணத்தில் அது சரிகிறது. சரிவதில்தான் அத்தனை வோல்ட்டும்.

டெஸ்ட் லேம்ப். ஒரு முனை எர்த்தில், மறுமுனை காயிலில் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்து ஸ்குரூவில். செல்ஃப் அடித்தால் லேம்ப் மினுக்க வேண்டும். எரியவே இல்லையென்றால் ஒன்று கரன்ட் அதுவரை வரவில்லை, இல்லை பாயின்ட் பிரியவில்லை.

"எரிஞ்சுகிட்டே இருக்கு சார். எர்த் எடுக்கல."

கேப்பைக் கழற்றியதும் மெக்கானிக் முதலில் முகர்ந்துதான் பார்த்தார். கண்ணாடியை அப்புறம்தான் போட்டுக்கொண்டார்.

பாயின்ட்டின் ஒரு முகத்தில் சின்ன மேடு. எதிர் முகத்தில் அதே அளவு குழி. இங்கிருந்து பெயர்ந்த உலோகம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது.

எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் இந்தப் பாயின்ட் நொடிக்கு 100 தடவை பிரிந்து சேர்கிறது.

உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை நடுவில் விட்டு இழுத்தார். கறுப்புக் கோடு. இன்னொரு இழுப்பு, சாம்பல் கோடு. தாள் வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. இடைவெளி கேஜ் வைத்து 0.4 மில்லிமீட்டர்.

லேம்ப் எரிந்துகொண்டே இருக்கிறது.

பேட்டரி, காயில், பாயின்ட் என்ற இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1912இல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தவரும் அவரே. இரண்டும் ஒரே பேட்டரியில் பிழைக்கின்றன. பேட்டரி இளைத்திருந்தால் செல்ஃப் சுற்றச் சுற்ற ஸ்பார்க் மெலியும். தள்ளினால் ஸ்டார்ட் ஆகும்.

பாயின்ட் உட்காரும் தட்டு அசையும் தட்டு. வேக்வம் இழுக்கும்போது கொஞ்சம் திரும்பும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். அதனால் தட்டுக்கு எர்த் கொடுக்கத் தனியாக ஒரு ஒயர். விரல் நீளம்கூட இல்லை. துணி உறை. வண்டி ஓடும் காலமெல்லாம் தட்டோடு வளைந்து நிமிர்கிறது. உறைக்குள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறுகிறது.

உறை அறுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஒயர்.

ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அதை மெல்ல அழுத்தினார். லேம்ப் அணைந்தது. எடுத்தார், எரிந்தது. மறுபடி அழுத்தினார். அணைந்தது. எனக்காகத்தான் மறுபடி செய்து காட்டினார் என்று நினைக்கிறேன்.

உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014இல். இந்த ஒயர் மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது. புதுப்பேட்டையில் பழைய டிஸ்ட்ரிப்யூட்டர் ஒன்று வாங்கிப் பிரித்தால் உண்டு.

கனமான ஒயர் போட்டால் தட்டு திரும்பாது. நிறைய மெல்லிய இழை உள்ளதாக வேண்டும். எர்த் எடுக்கிறதா என்பதோடு தட்டு திரும்புகிறதா என்றும் விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை.

கேப்பின் உள்சுவரில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கோடு. கார்பன். மழைக்காலத்தில் அந்தக் கோட்டின் வழியாகவே ஸ்பார்க் இறங்கிவிடும். கேப் வாங்க வேண்டும்.

காயில் சூடேறினால் மட்டும் நின்றுபோகும் வண்டிகள் வேறு. அவை மரத்தடியில் ஆறியதும் ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பும். அவற்றைப் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

பாயின்ட் குதிகால் கேமில் உரசும் இடத்தில் ஒரு துளி கிரீஸ். கூடினால் பாயின்ட் முகத்தில் தெறிக்கும்.