உரைகல்லில் இருந்த அளவு

யாழ்ப்பாணத்து வீடுகளிலே கைக்குழந்தை இரவில் வீறிட்டழுதால், அவித்து ஆறவைத்த ஓமத்தண்ணீரைச் சங்கினாற் பருக்குதல் நெடுநாளைய வழக்கம். அதற்கு அடங்காத அழுகைக்கு வசம்பு. விளக்குச் சுடரிற் கருக்கி, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து, விரல் நுனியால் நாவிலே தடவுவர். பிள்ளை மருந்து என்பது அதற்கு இன்னொரு பெயர். பொழுதுபட்டபின் அதன் பெயரையே உச்சரிக்கலாகாது என்பாரும் உளர்.

இதனை மூடப்பழக்கம் என்று தள்ளுவோரும், முன்னோர் கண்ட அமுதம் என்று போற்றுவோரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. மருந்தின் நுட்பம் மூலிகையிலும் பார்க்க அளவிலேயே தங்கியிருந்தது. கல்லில் எத்தனை இழைப்பு என்பதே அளவு. குழந்தையின் வயதையும் உடல்வாகையும் பார்த்து அதைத் தீர்மானித்தவள் அம்மம்மா. அவ்வளவு எந்த ஏட்டிலும் இல்லை, கையிலே இருந்தது. வசம்பில் அளவு சிறு விடயமன்று. அதிலுள்ள பீற்றா அசரோன் என்னும் பொருள் காரணமாக, 1968 இல் ஐக்கிய அமெரிக்கா அதனை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது.

மூலிகை கையை விட்டுப் போத்தலுக்குப் போன கதையும் உண்டு. 1851 இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் வில்லியம் வூட்வாட் செய்த கிறைப் வோட்டரில் இருந்தவை சதகுப்பை எண்ணெய், சோடியம் இருகாபனேற்று, சீனி, மதுசாரம் ஆகியன. நம் பிள்ளைப்பேற்றுச் சரக்கில் இடம்பெறும் அதே சதகுப்பைதான்! ஆயின் விரல் நுனி தேக்கரண்டியாயிற்று. கூடவே மதுசாரமும் குழந்தையின் வயிற்றிற் புகுந்தது. அம்மதுசாரம் பிற்காலத்தில் நீக்கப்பட்டது.

கரீபியத் தீவுகளிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் தாய்மார் குழந்தையின் வயிற்றுவலிக்கு அன்னாசிப்பூவை அவித்துக் கொடுப்பர். அதனோடு யப்பானிய இனத்து நச்சுக்காய் கலந்துவிட்டால் உலர்ந்த நிலையிற் கண்ணாற் பிரித்தறிதல் அரிது. அத்தகைய தேநீரைப் பருகிய குழந்தைகளுக்கு வலிப்புக் கண்டதனால், 2003 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அங்கே தாயின் கை பிழைக்கவில்லை, கடைச்சரக்குப் பிழைத்தது.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிறு வயிற்றை நீர் நிரப்பினால் பாலுக்கு இடமில்லை. நீரோடு கிருமியும் புகலாம். நோயேதுமின்றி வீறிட்டழும் அழுகை பெரும்பாலும் ஆறாம் கிழமையளவில் உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே ஓய்கிறது. அந்தப் புகழை வசம்பு வாங்கிக்கொண்டது எனலாம். ஆயினும் நள்ளிரவில், ஓயாது அழும் பிள்ளையோடு விழித்திருக்கும் இளந்தாய்க்கு 'ஒன்றும் கொடாதே' என்பது எளிய அறிவுரையன்று. உரைகல்லோடு வந்த அம்மம்மா பிள்ளையையும் சற்றுநேரம் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். பரிந்துரைத் தாளுக்கு மடி இல்லை.

குடும்பநல மருத்துவ மாது வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்கும்போது, பால் மட்டுந்தான் என்று விடை வரும். உரைகல் குசினியிற் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அம்மம்மா அதைப்பற்றிச் சொல்வதில்லை, மாதும் கேட்பதில்லை.