பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரு தபால் பெட்டி

ஜூன் 8, ஞாயிறு

பக்கத்துக் காம்பரா பெரியம்மாவின் அட்டியல் ஏலத்தில் போய்விட்டது. அடகு மீட்கச் சொல்லி அறிவித்தல் அனுப்பினார்களாம். அது தோட்ட ஆபிசுக்கு வந்து, கணக்கப்பிள்ளை கைக்குப் போய், கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ ஒரு பிள்ளையிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு தடயமே இல்லை. பெரியம்மா பெயரில் மேல் லயத்தில் ஒருவர் இருக்கிறார், பணிய லயத்தில் இருவர். உறையில் இருப்பதோ பெயர், டிவிஷன், தோட்டம், அட்டன். அவ்வளவுதான்.

ராத்திரி இஸ்தோப்பில் கூடிப் பேசினோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு லயத்துக்கு ஒரு தபால் பெட்டி செய்வது, காம்பராவுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. அம்மா மட்டும், “பெட்டி செஞ்சிரலாம், அதுல காயிதத்த யாரு கொண்டாந்து போடுவா?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய், பொசொன் போயா

வேலை இல்லை. தாத்தா காலத்துத் தப்பால்காரரைப் பற்றி அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பையை மாட்டிக்கொண்டு டவுனுக்கு நடந்து போய், துரைக்கு வந்த பேப்பரோடு லயத்துக் கடிதங்களையும் சேர்த்துக் கொண்டுவருவாராம். பிறகு தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. எங்கள் கடிதம் மட்டும் அதே ஆபிஸ் மேசையில்தான் இறங்குகிறது.

டவுனில் சந்துக்குள் இருக்கிற வீட்டுக்கும் வரி இலக்கம் உண்டு. உள்ளூராட்சி சபை போட்ட அந்த எண்ணைப் பார்த்துத்தான் தபால்காரர் கதவைத் தட்டுகிறார். தோட்டத்துக்குள் அப்படி ஒரு சபை இருப்பதே தெரியாமல் வளர்ந்தோம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டியே சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று சொல்லிவந்தார்கள். அதைத் திருத்த 2018 வரை ஆனது. ஓட்டு மட்டும் அதற்கு வெகுமுன்பே கேட்டு வந்தார்கள்.

ஜூன் 14, சனி

அட்டனில் ஒட்டுப் பட்டறை. வேலை தெரிந்த மனிதர். ஆமைப்பூட்டு வேண்டாம், இந்தத் தூறலில் துருப்பிடித்துத் திறக்காது என்றார். லாச்சிக்குப் போடுகிற சின்னப் பூட்டைக் கதவுக்குள்ளேயே பதித்துவிடலாமாம். கடிதம் போடும் வாய்க்கு மேலே தகரத்தை முன்னால் மடித்துவிட வேண்டும். தென்மேற்கு மழை இங்கே நேராக விழாது, பக்கவாட்டில் அடிக்கும். வாய்க்குப் பின்னால் சரிவாக ஒரு தட்டு: உறை வழுக்கி விழும், மேலே இருந்து கைவிட்டால் விரல் தட்டோடு நின்றுவிடும். அடியில் தண்ணீர் வடிய இரண்டு துளை. கம்பஸ் கடிதம் நீள உறையில் வரும், மடங்கக்கூடாது என்று தம்பி பிடிவாதம் பிடித்து வாயை அகலமாக்கச் சொன்னான். ஏ.எல். எழுதிவிட்டு அந்தக் கடிதத்துக்குக் காத்திருப்பவன்.

எல்லாப் பூட்டுக்கும் பொதுவாக ஒரு சாவி செய்யட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சாவி கடைசியில் எந்த மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 17, செவ்வாய்

லயத்துச் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம், பெட்டிக்கு ஆணி அடிக்கக்கூடாது என்று தோட்ட ஆபிசில் சொல்லிவிட்டார்கள். மூன்று தலைமுறையாக அந்தச் சுவரில் சாமிப்படத்துக்கு ஆணி அடித்தபோது யாரும் கேட்கவில்லை. காம்பராவுக்கு வாடகை கிடையாது என்பார்கள். வேலையை விட்டு நின்றால்தான் அது யாருடையது என்ற பேச்சு வரும். சில தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கொடுத்திருக்கிறார்கள். பூண்டுலோயா டன்சினனில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகளை 2018 ஆகஸ்டில் கையளித்து, மகாத்மா காந்திபுரம் என்று ஊருக்குப் பெயரும் வைத்தார்கள். எங்களுக்கு அந்த முறை எப்போதோ.

அண்ணன் இரண்டு இரும்புக் குழாயை நட்டு, அதன்மேல் பெட்டியை வைக்கலாம் என்கிறார். நிலமும் அவர்களுடையதுதான். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 21, சனி

நுவரெலியா போன வேலை சீக்கிரம் முடிந்தது. 1894இல் கட்டிய அந்தச் செங்கல் தபால் நிலையத்தின் முன்னால் வழக்கம்போல் படம் எடுக்கும் கூட்டம். 2023இல் இதை ஹோட்டலுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நியாயமான போராட்டம், நானும் அவர்கள் பக்கம்தான். லயத்துக்கு வராத கடிதத்துக்காகவும் ஒருநாள் நின்றிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

தபால்காரர் வருகிற பாதையைப் பார்க்கிற மாதிரி பெட்டியை நட்டாயிற்று. நேற்றுத் திரும்பும் வழியில் எங்கள் டவுன் தபால் நிலையத்தில் கேட்டுவிட்டு வந்தேன். லயமும் காம்பரா எண்ணும் உறையில் இருந்தால் பிரித்து எடுக்கலாம். தோட்டப் பையில் போடாமல் நேரே கொண்டுவர எழுத்தில் கோரிக்கை வேண்டும், எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும், பதிவுத் தபாலுக்கு ஆள் நேரில் வர வேண்டும் என்றார்கள். சரி.

கோரிக்கை எழுத உட்கார்ந்தால் சண்டை. 1ஆம் இலக்கம் எங்கிருந்து தொடங்குவது? கோயில் பக்கத்து மாமா தன் காம்பராதான் என்கிறார். பீலிக்கரைப் பக்கத்துச் சித்தப்பா, லயம் கட்டும்போது அஸ்திவாரம் போட்டதே தன் பக்கத்தில்தான் என்று நிற்கிறார். பார்த்தவர் யார் உயிரோடு இருக்கிறார்? பெரியம்மா, “எனக்கு எந்த நம்பருனாலும் சரி, இன்னைக்கே சொவத்துல எழுதுங்க” என்று பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். கோயில் பக்கம் என்று முடிவாயிற்று. சித்தப்பா 12. கையெழுத்து வைத்தார், ஆனால் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.