கடலோரப் பிரயாணமும் யோசனைகளும்

மயிலாப்பூரிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் குடும்பத்துடன் போய்வர நாம் உத்தேசித்திருக்கும் செய்தி பரவியதும், மாட வீதிகளில் யோசனை சொல்லாதவர் பாக்கியில்லை. சுமார் 150 கிலோமீட்டருக்கு இத்தனை யோசனைகளா!

அடுத்த வீட்டு மாமி, திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவிக்காமல் போகலாகாது என்றார். கலியாணத்திற்குக் காத்திருப்பவர் நம் வீட்டில் எவருமில்லையே என்றோம். "பின்னால் உதவும்" என்று முடித்துவிட்டார். சரித்திரப் பித்துக் கொண்ட நண்பரோ, மாமல்லபுரத்தோடு திரும்பிவிடாமல், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும், 1760-இல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டையையும் குழந்தைகளுக்குக் காட்டச் சொன்னார். உபாத்தியாயருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

குழந்தைகளுக்குக் கோட்டை வேண்டாம். வழி நெடுகக் கடலில் குளிக்க வேண்டும். ஊரூர் குப்பத்து மீனவப் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றி விசாரித்தோம்.

"அலை உடையுற இடத்தைப் பார்த்து எல்லாரும் பயப்படுவாங்க, ஐயா. நடுவிலே அலையே இல்லாம அமைதியாத் தெரியுமே, அங்கேதான் நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். எந்த ஊரானாலும் அந்த ஊர் மீன்காரனைக் கேட்காமக் காலை நனைக்காதீங்க" என்றவர், சற்றுத் தொலைவில் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபத்தைச் சுட்டிக் காட்டினார். பிறரைக் காப்பாற்றப் போய் 1930-இல் மூழ்கி இறந்த டென்மார்க் தேசத்து ஷ்மிட் என்பவரின் ஞாபகச் சின்னம் அது. நம் மூத்த பையன் அங்கே பொறித்திருந்ததை இருமுறை படித்தான்.

வீடு திரும்பியதும் குளிக்கும் உடைகளை அவனே பெட்டியிலிருந்து எடுத்துவிட்டான். மரக்காணத்து உப்பளங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.