கரண்ட் போன அன்றுதான் தெரிந்தது

வெள்ளகோவிலில் எங்கள் வீடு தறிக்குடோனை ஒட்டி இருக்கிறது. அக்கா மகனுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ‘தறிச் சத்தத்துல யாருக்குத்தான் கேக்குது’ என்று விட்டுவிட்டோம். “உன்ற மாமனும் நாலு வயசுலதான் சாமி பேசுனான்” என்றார் அம்மாயி.

இதில் எனக்குத்தான் வெட்கம் அதிகம். ‘ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும்’ என்று ஊருக்கெல்லாம் எழுதியவள் நான்.

ஒருநாள் மின்தடை. தறிகள் நின்று தெருவே அமைதியாக இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் அக்கா கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவி விழுந்தது. நாங்கள் எல்லோரும் திடுக்கிட்டோம். அவன் மட்டும் கார் ஓட்டிக்கொண்டே இருந்தான்.

மறுநாளே டாக்டரிடம் ஓடினோம். ‘பெரா’ பரிசோதனையில், இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. இப்போது காது கருவியும் பேச்சுப் பயிற்சியும்.

பேச்சு வரவில்லையா, விரல் நீட்டிக் காட்டவில்லையா, முகம் பார்க்கவில்லையா, பேசிய சொல்லையே மறக்கிறதா... ‘போகப் போகச் சரியாகும்’ என்று தள்ளாதீர்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வருகிறது. அவர்களிடம் கேளுங்கள். மேல்சிகிச்சைக்கும் வழிகாட்டுவார்கள், செலவில்லை.

போன வாரம் குக்கர் விசில் அடித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அக்கா அடுப்பை அணைக்க மறந்து அழுதுகொண்டிருந்தாள்.