சில விநாடிகளுக்காக ஓர் இயந்திரம்: பட்டறை நாட்குறிப்பு

திங்கள்

வாக்குவம் ஃபார்மிங் என்பது, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை ஓர் அச்சின்மேல் போர்த்தி, இரண்டுக்கும் இடையில் உள்ள காற்றை வெளியேற்றி, தகட்டை அந்த அச்சின் வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை. மாத்திரை அட்டையின் குமிழ்களும் கேக் பெட்டியின் மூடியும் ஃப்ரிட்ஜின் உட்சுவரும் இந்த வழியில் வருபவைதான். நாடக மேடைக்கும் படப்பிடிப்புக்கும் வேண்டிய கவசம், முகமூடி முதலியவற்றுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. பொருள் எடை குறைவாக இருக்கும். ஒரே அச்சிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பம்பு தகட்டைக் கீழே இழுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் வேலை செய்வது மேலே இருக்கும் வளிமண்டலம். கீழே காற்று குறைந்ததும் அது தகட்டை அழுத்துகிறது. அந்த அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. 30 செ.மீ. சதுரத் தகட்டின் பரப்பு 900 சதுர செ.மீ.; முழு வெற்றிடம் கிடைத்தால் அதன்மேல் 900 கிலோவுக்கும் மேலான சுமை விழும். வீட்டு வாக்குவம் க்ளீனரால் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே காற்றழுத்தத்தைக் குறைக்க முடியும். அதுவே 180 கிலோ. ஒரு தோள்கவசத்துக்கு இது போதும்.

ஆனால் விசையை விட நேரம்தான் கடினமான கணக்கு. ஹீட்டரை விட்டு விலகிய தகடு சில விநாடிகளில் விறைத்துவிடும். அதற்குள் அச்சின்மேல் இறங்கி, விளிம்பு அடைபட்டு, காற்று வெளியேறியாக வேண்டும். இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் இந்தச் சில விநாடிகளை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

செவ்வாய்

உறிஞ்சும் பெட்டி முடிந்தது. 18 மி.மீ. பிளைவுட்டில் ஆழமில்லாத ஒரு பெட்டி, மேலே துளைகள் போட்ட எம்.டி.எஃப். பலகை, அடியில் வாக்குவம் க்ளீனர் குழாய் நுழைய ஒரு வாய். அவ்வளவுதான். பெட்டியின் உள்ளுயரம் 2 செ.மீ. போதும். ஆழமாகச் செய்தால் வெளியேற்ற வேண்டிய காற்று வீணாகக் கூடும்.

தகட்டின்மேல் விழும் சுமை முழுவதையும் கடைசியில் தாங்குவது அந்தத் துளைப் பலகைதான். அதனால் பெட்டிக்குள் ஆங்காங்கே முட்டுக்கட்டைகள் ஒட்டியாயிற்று. இவை இல்லாமல் நல்ல பம்பை இணைத்தால் பலகை உள்வாங்கி முறியும். மூலைகளில் சிலிக்கான், உட்புறம் இரண்டு பூச்சு வார்னிஷ். எம்.டி.எஃப். தன் உடல் வழியாகவே காற்றைக் கசியவிடும் பலகை. வெட்டிய ஓரங்களில் அது இன்னும் அதிகம்.

புதன்

ஹீட்டர். வீட்டில் செய்யும் வாக்குவம் ஃபார்மர் தரமாக அமைவதும் கெடுவதும் இங்கேதான்.

மின் அடுப்புக்கு விற்கும் 1000 வாட் நிக்ரோம் சுருள்கள் இரண்டு எடுத்தாயிற்று. இவற்றைப் பக்க இணைப்பில் போட்டால் 230 வோல்ட்டில் மொத்தம் 2000 வாட், ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும். தவறுதலாகத் தொடர் இணைப்பில் போட்டால் மொத்தமே 500 வாட்தான் வரும். தகடு வெதுவெதுப்பாகி அப்படியே கிடக்கும். சுருள் நீளமாக இருக்கிறதே என்று ஒரு துண்டை வெட்டுவது அதைவிட மோசம். மின்தடை குறையும், மின்னோட்டம் ஏறும், சுருள் எரிந்து அறும். வெட்டாமல் சீராக இழுத்துத்தான் நீட்ட வேண்டும்.

சிமென்ட் ஃபைபர் பலகையில் அலுமினியத் தகடு, அதன்மேல் பீங்கான் தாங்கிகளில் சுருள். சுருளைச் சம இடைவெளியில் ஓட்டுவது பார்வைக்கு அழகு, பலனோ குறைவு. தகட்டின் நடுப்பகுதிக்கு எல்லாப் பக்கமிருந்தும் கதிர்வீச்சு வருகிறது. ஓரத்துக்கு ஒரு பக்கத்திலிருந்துதான். நடுப்பகுதி உருகித் தொங்கும்போதும் மூலை விறைப்பாகவே நிற்கும். ஆகவே ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் இடைவெளி விட்டும் சுருள் ஓட வேண்டும்.

ஹீட்டரைத் தகட்டுக்கு மேலே வைப்பதே மேல். கீழே வைத்தால், இளகித் தொங்கும் பிளாஸ்டிக் சிவந்த கம்பியைத் தொடும், தொட்டால் தீப்பிடிக்கும். மேலே வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. தகட்டை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சட்டத்தை நேராகக் கீழே இறக்கினால் அச்சு.

சுருளுக்குக் கீழே கம்பிவலை. வலை, சட்டம், பெட்டியின் உலோகப் பாகம் அனைத்துக்கும் எர்த் இணைப்பு, மின்வழியில் கசிவு கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மின்வேலை தெரிந்தவர் பார்த்துச் சரி என்ற பிறகே முதல் சூடு.

வியாழன்

சட்டம். அலுமினிய எல்-கோணத்தில் ஒரே அளவில் இரண்டு சட்டங்கள். நடுவே தகடு, சுற்றிலும் பைண்டர் கிளிப்புகள். நான்கு மூலைக் கம்பிகளில் சட்டம் மேலும் கீழும் சறுக்கும். பெட்டியின் விளிம்பைச் சுற்றிச் சூடு தாங்கும் சிலிக்கான் ரப்பர் பட்டை.

வெள்ளி

தோள்கவசத்தின் அச்சு இன்று வார்த்தாயிற்று. களிமண்ணில் வடிவம் பிடித்து, அதிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எடுத்தது. மரம், எம்.டி.எஃப். அச்சுகளும் நன்றாக உழைக்கும். ஆனால் வளைவுகள் நிறைந்த கவசத்துக்குப் பிளாஸ்டர்தான் எளிது.

அச்சின் பக்கங்கள் செங்குத்தாக நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி அச்சைக் கவ்விக்கொள்ளும். 3 முதல் 5 பாகை வரை சரிவு இருந்தால் கழன்று வரும். கீழ்ப்பக்கம் உள்வாங்கும் வடிவமென்றால் சரிவும் உதவாது. முழுத் தலைக்கவசம் அந்த வகை. முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளாகப் பிரித்து, பின்னால் ஒட்ட வேண்டும்.

பள்ளமான இடங்களில் காற்று சிக்கினால் அங்கே வடிவம் மழுங்கும். அங்கெல்லாம் 1 மி.மீ. துளைகள், அடிவரை. துளை அதைவிடப் பெரிதானால் பிளாஸ்டிக்கில் பரு போலப் பதியும். வைக்கும்போது அச்சுக்கு அடியில் இரண்டு மூன்று நாணயங்களைச் செருகி அதைச் சற்றே உயர்த்தினால் அடிவிளிம்பு கூர்மையாக வரும்.

பிளாஸ்டர் நன்றாக உலர வேண்டும். ஈரம் இருந்தால் சூடான தகடு பட்டதும் ஆவியாகித் தகட்டில் கொப்புளம் எழுப்பும். அவசரப்பட்டு அடுப்பில் வைத்தால் பிளாஸ்டர் பொடியும். மின்விசிறியும் பொறுமையும்தான் வழி.

சனி

அச்சு உலர்கிறது, பட்டறை வேலை இல்லை.

இந்தத் தொழில்நுட்பத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனமும் உண்டு. 1962-இல் அது விற்ற ‘வாக்-யூ-ஃபார்ம்’ ஒரு குழந்தை விளையாட்டுப் பொருள்: ஒருபக்கம் சூட்டுத் தட்டு, மறுபக்கம் கைப்பம்பு. தொட்டால் சுடும் தட்டைக் குழந்தையின் கையில் தர அன்று யாரும் தயங்கவில்லை போலும்.

திரைப்பொருள்களில் இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தவை 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்து ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களின் வெள்ளைக் கவசங்கள். அந்தத் தலைக்கவசங்களை வாக்குவம் ஃபார்மிங்கில் செய்தவர் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். பிற்காலத்தில் அவர் பிரதிகள் செய்து விற்றபோது லூகாஸ்ஃபிலிம் வழக்குத் தொடுத்தது. அந்தத் தலைக்கவசம் சிற்பம் அல்ல, படத்துக்கான பயன்பாட்டுப் பொருள் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பிரிட்டனில் சிற்பத்துக்குரிய நீண்டகாலக் காப்புரிமை அதற்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கக் காப்புரிமை சார்ந்த கோரிக்கையை இங்கிலாந்து நீதிமன்றத்தில் எழுப்பலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. விற்பதற்காகப் பிரதி எடுப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

திங்கள்

தகடு தேர்வு. பழக ஏற்றது ஹிப்ஸ் என்னும் தாக்குதல் தாங்கும் பாலிஸ்டைரீன். 150 பாகை செல்சியஸை ஒட்டி நன்றாக இளகும், விலையும் குறைவு. அடி தாங்க வேண்டிய கவசத்துக்கு ஏ.பி.எஸ். நல்லது, ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாலிகார்பனேட் இன்னும் மோசம்: 120 பாகையில் மணிக்கணக்கில் உலர்த்தாவிட்டால் உள்ளே குமிழிகள் கிளம்பும். கண்ணாடி போன்ற முகத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லாத பெட்-ஜி போதும்.

பேனர் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு நுரைத்த பி.வி.சி. அதிகம் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை ஹீட்டருக்கு அடியில் வைப்பது அறிவுடைமை அல்ல. ஹிப்ஸும் வாடை விடும். கதவு சன்னல் திறந்திருக்க வேண்டும்.

செவ்வாய்

முதல் வார்ப்பு. 2 மி.மீ. ஹிப்ஸ். சூடேறும் தகடு முதலில் அலை அலையாக நெளியும். அதைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது. பிறகு முரசுத்தோல் போல இறுகும். அதன் பின்னரே நடு மெல்லத் தாழத் தொடங்கும். 30 செ.மீ. தகடு 2, 3 செ.மீ. தொங்கினால் இறக்கும் நேரம். கடிகாரத்தை விட இந்தத் தொங்கலையே நம்பலாம். மின்னழுத்தம் மாறினால் நேரம் மாறும், தொங்கல் அவ்வளவாக மாறாது. வாக்குவம் க்ளீனர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க, சட்டத்தை ஒரே மூச்சில் இறக்க வேண்டும்.

தோள்கவசம் முழுதாக வந்தது. ஒரு மூலையில் மட்டும் தகடு தன்மேல் தானே மடிந்து வரிப்பு விழுந்திருக்கிறது. உயரமான அச்சு விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் இப்படி ஆகும். உயரத்துக்குச் சமமான இடைவெளியாவது சுற்றிலும் வேண்டும்.

கவசத்தின் தடிமன் சீராக இல்லை. அது இம்முறையின் இயல்பு. 10 செ.மீ. கனசதுரம் ஒன்றை 900 சதுர செ.மீ. தகட்டில் வார்த்தால் பரப்பு 1300 ஆகிறது, 2 மி.மீ. சராசரியாக 1.4 மி.மீ. ஆக மெலிகிறது. உண்மையில் உச்சி முதலில் தொட்டு உறைந்து தடிமனாக நின்றுவிட, பக்கங்களும் அடிமூலைகளும் சராசரியை விடவும் மெலியும்.

வியாழன்

நுணுக்கமான வரிகள் மழுங்கித் தெரிவதால் பம்பும் தொட்டியும் சேர்த்தாயிற்று. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் வாய் ஆழ்ந்த வெற்றிடம் தரும். ஆனால் மிக மெதுவாகத் தரும், சில விநாடிகளில் உதவாது. அதனால் அதை முன்கூட்டியே ஓட்டி ஒரு தொட்டியை வெறுமையாக்கி வைத்து, வேளை வந்ததும் வால்வைத் திறக்க வேண்டும். தொட்டியில் பத்தில் ஒரு பங்கு காற்று மீந்திருப்பதாகவும், தகட்டுக்கு அடியில் 10 லிட்டர் காற்று இருப்பதாகவும் கொண்டால், 30 லிட்டர் தொட்டி அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவரும். 10 லிட்டர் தொட்டி பாதிக்குச் சற்று மேலே நின்றுவிடும். வாக்குவம் க்ளீனர் முதலில் பெரும்பகுதியை எடுக்க, பிறகு தொட்டியைத் திறப்பதே சிறந்த வரிசை. இடையே வால்வும் பின்னோட்டத் தடுப்பானும் வேண்டும். இல்லாவிட்டால் க்ளீனர் வழியாகவே காற்று தொட்டிக்குள் திரும்பும். தொட்டி கம்ப்ரஸர்களுக்கென்று செய்த இரும்புத் தொட்டியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பீப்பாய் நசுங்கும்; சமையல் எரிவாயு சிலிண்டரை நினைக்கவே கூடாது.

சனி

வெட்டும் பூச்சும். ஹிப்ஸைக் கத்தியால் ஆழமாகக் கீறி மடித்தால் கோட்டில் முறியும். வளைந்த ஓரங்களுக்குச் சிறு ரம்பமும் உப்புத்தாளும். தின்னர் கலந்த ஸ்ப்ரே பெயின்ட் தடிமனாக விழுந்தால் பாலிஸ்டைரீனைத் தின்று மேற்பரப்பைச் சுருக்கும். எனவே லேசாகத் தேய்த்து, முதலில் தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் பிரைமர், காய்ந்தபின் நிறம். அடிமூலைகள் மெல்லியவை என்பதால் வாரின் பொத்தான்களை அங்கே குத்தாமல், மேற்பகுதியில் உட்புறமாக இரண்டாவது ஹிப்ஸ் துண்டு ஒட்டி அதில் பொருத்த வேண்டும்.